பொதுக்கம்பியும் தனிப்பேரேடும்

தொலைபேசித் தொழிலில் வெகுகாலம், சந்தாதாரர் ஒருவரை அடையாளம் காண்பது இணைப்பகத்தாருக்குச் சிரமமான காரியமாக இருந்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஜோடிச் செப்புக்கம்பி புறப்பட்டு, கம்பங்களின் மீதும் நிலத்தடிக் குழாய்களின் வழியாகவும் ஓடி, நூற்றுக்கணக்கான மற்ற வீடுகளின் கம்பிகளோடு ஒரே உறைக்குள் கட்டுண்டு கிடந்தபோதிலும் அவற்றோடு கலந்துவிடாமல், இணைப்பகத்தில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட முனையில் வந்து முடிந்தது. அந்த முனைதான் சந்தாதாரரின் பெயர், விலாசம், இலக்கம் எல்லாம். கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பை நிறுத்த வேண்டுமானால் அந்த முனையைக் கழற்றினால் போதும். மற்றவருக்கு யாதொரு பாதகமும் நேராது.

கேபிள் தொலைக்காட்சியின் கம்பியோ இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியா நகரில் வானொலித் தொழில் நடத்திவந்த எட் பார்சன்ஸ் என்பவர், ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் சியாட்டில் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பைப் பிடிக்கும் பொருட்டு, ஒரு ஹோட்டலின் கூரைமேல் ஆண்டெனாவை நிறுத்தி, அங்கிருந்து தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்த தம் வீட்டுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டார். அண்டை அயலார் கேட்கக் கேட்க, அதே கேபிளிலிருந்து கிளைகள் பிரிந்தன. பென்சில்வேனியாவின் மலைப்பகுதிகளிலும் அதே காலத்தில் இத்தகைய முயற்சிகள் நடந்தன. ஒரு தாய்க்கம்பி, அதிலிருந்து கிளைக்கம்பிகள், கிளையிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு துண்டு என்று வளர்ந்த இந்த அமைப்பில், ஒரு தெருவார் அனைவருக்கும் வருகிற மின்சமிக்ஞை ஒன்றேதான். எல்லாருக்கும் ஒரே நிகழ்ச்சியைக் கொடுக்கிற வரையில் அது பெரிய சௌகரியம். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவர்களிடமிருந்து மறுசெய்தியும் பெற வேண்டும் என்ற நிலைமை ஏற்பட்டபோதுதான், இந்தக் கம்பியில் தனி முனை என்று ஒன்று யாருக்குமே கிடையாது என்ற உண்மை பெரும் பிரச்சினையாக எழுந்து நின்றது. கம்பி செய்துவந்த அடையாளப் பணியை ஒரு பேரேடு ஏற்றுச் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பேரேட்டையும், அதை நொடிக்கு நொடி புரட்டிப் பார்த்து விடை சொல்லுகிற மென்பொருளையும் பற்றியதே இக்கட்டுரை. புரொவிஷனிங் என்று கேபிள் தொழிலில் வழங்கும் இந்தப் பணி, சந்தாதாரரின் கண்ணுக்கு ஒருபோதும் படாதது. ஆனால் அவருடைய இணையம் வேலை செய்வதும் செய்யாததும், கம்பியைக் காட்டிலும் அதையே சார்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கக் கேபிள் கம்பிகளில், தொலைக்காட்சிச் சானல்களுக்கென்று 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாத்திகள் பிரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை எண்முறைச் செய்திகளுக்கு ஒதுக்கினால், 256 நிலைகள் கொண்ட பண்பேற்ற முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் அளவுக்குத் தகவலை வீடுகளை நோக்கி அனுப்ப முடியும். சில நூறு வீடுகள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். வீடுகளிலிருந்து திரும்பிவரும் செய்திக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பகுதி விடப்பட்டது. 1990களின் நடுவில் இதற்கான மோடங்களைப் பல கம்பெனிகள் செய்தன. ஒரு கம்பெனியின் மோடம் இன்னொரு கம்பெனியின் தலைமை நிலையச் சாதனத்தோடு பேசாது. இந்த நிலையை மாற்றும்பொருட்டு, காம்காஸ்ட், காக்ஸ், டி.சி.ஐ., டைம் வார்னர் ஆகிய கேபிள் ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி முயன்றதன் பயனாகவும், 1988இல் நிறுவப்பட்ட கேபிள்லாப்ஸ் என்ற பொது ஆராய்ச்சி நிலையத்தின் ஆதரவோடும், 1997 மார்ச்சில் டாக்சிஸ் என்ற பொது நியமம் வெளியாயிற்று. அதற்கு இணங்கியவை என்று சான்று பெற்ற முதல் மோடங்கள், தோஷிபாவும் தாம்சனும் செய்தவை, 1999 மார்ச்சில் வந்தன.

இந்த நியமத்தின் விளைவுகளுள் முக்கியமானதொன்று, மோடம் கடைச்சரக்கானது. அதுவரையில் மோடம் கேபிள் ஸ்தாபனத்தின் சொத்து. அதன் ஊழியரே கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போவார். இனிமேல் சந்தாதாரர் தாமே கடையில் வாங்கிவந்து, சுவரிலிருக்கும் கேபிளில் திருகி, மின்சாரத்தைப் போட்டுவிடுவார். ஸ்தாபனம் அந்த யந்திரத்தை முன்பின் பார்த்ததில்லை. அது எந்த வீட்டில் இருக்கிறதென்றும் அதற்குத் தெரியாது. முன்பின் அறியாத யந்திரம் ஒன்று பொதுக்கம்பியில் வந்து தொற்றிக்கொள்ளும்போது, அது யாருடையது, எவ்வளவு வேகத்துக்கு உரியது, அல்லது எதற்குமே உரியதன்றா என்பதை மனித யத்தனம் ஏதுமின்றி ஓரிரு நிமிஷங்களில் நிர்ணயித்தாக வேண்டும்.

மோடத்துக்கு மின்சாரம் வந்ததும் நடப்பது இது. அது முதலில் கேபிளின் மேற்பகுதி அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவி, எண்முறைச் சமிக்ஞை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு சி.எம்.டி.எஸ். என்று வழங்கும் தலைமை நிலையச் சாதனம் திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டிருக்கும் விவரங்களைக் கேட்டு, தான் பேசுவதற்குரிய அலைவரிசை எது, காலப்பகுப்பு எப்படி என்பவற்றைத் தெரிந்துகொள்கிறது. பேசத் தொடங்குவதில்தான் சங்கடம். ஒரே பாதையில் நூற்றுக்கணக்கான மோடங்கள் முறைவைத்துப் பேசுகின்றன. முறை என்பது மைக்ரோ விநாடிக் கணக்கில் அளக்கப்படுவது. சமிக்ஞை கம்பியில் ஓடிவரும் காலமோ வீட்டுக்கு வீடு வேறு. முகூர்த்தத்துக்கு எல்லாரும் ஒரே வேளையில் கூட வேண்டுமானால் வெளியூர்க்காரர் உள்ளூர்க்காரரைவிட முன்னதாகப் புறப்பட வேண்டியிருப்பதைப் போல, தொலைவிலுள்ள மோடம் தன் முறைக்குச் சற்று முன்னதாகவே பேசத் தொடங்கினால்தான் அதன் சொல் உரிய கணத்தில் வந்து சேரும். ஆகவே மோடம் ஒரு சோதனைச் செய்தியை அனுப்புகிறது, பதில் வராவிடில் சற்று உரக்க அனுப்புகிறது, கடைசியில் சி.எம்.டி.எஸ். அதைக் கேட்டு, "இவ்வளவு முன்னதாகப் பேசு, இவ்வளவு உரத்தோடு பேசு, அலைவரிசையை இவ்வளவு நகர்த்திக்கொள்" என்று திருத்தம் சொல்லுகிறது. டாக்சிஸ் நியமம் இவ்விரண்டுக்கும் நடுவே 160 கிலோமீட்டர் வரையிலும் தூரத்தை அனுமதிக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வெயிலிலும் குளிரிலும் கம்பி நீண்டு சுருங்குவதால், இந்தத் திருத்தம் ஒரு தடவையோடு முடிவதில்லை. அதிகம் போனால் 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு மோடமும் மறுபடி அளந்து பார்க்கப்படுகிறது.

இவ்வளவும் ஆன பிறகும், மோடம் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இங்கேதான் பேரேட்டின் பணி ஆரம்பமாகிறது. மோடம் தனக்கு ஒரு ஐ.பி. முகவரி வேண்டுமென்று, டி.எச்.சி.பி. என்ற முறைப்படி, பொதுவில் ஒரு விண்ணப்பத்தை விடுக்கிறது. 1993இல் வகுக்கப்பட்டு 1997இல் திருத்திய வடிவம் பெற்ற இந்த முறை, அலுவலகக் கணிப்பொறிகளுக்காக ஏற்பட்டது. கேபிள்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் வாயிற்காவலுக்கு அமர்த்திக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் மோடத்தின் மேக் முகவரி இருக்கும். அது தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட ஆறு பைட் கொண்ட இலக்கம், முதல் மூன்று பைட்டுகள் செய்தவரையும் எஞ்சிய மூன்று அந்தத் தனி யந்திரத்தையும் குறிப்பவை. சி.எம்.டி.எஸ். அந்த விண்ணப்பத்தைத் தானே தீர்மானிப்பதில்லை. தன் முகவரியையும் ஒரு குறிப்பையும் சேர்த்து, எங்கோ ஒரு நகரில் இருக்கும் டி.எச்.சி.பி. சர்வருக்கு அனுப்பிவைக்கிறது.

அந்தச் சிறு குறிப்பு, அனுபவத்தில் மிக விசேஷமானது. டி.எச்.சி.பி. செய்தியில் 82ஆம் இலக்கமிட்ட இடத்தில், இந்த விண்ணப்பம் எந்த மோடத்தின் வழியாக வந்தது என்பதை, அந்த மோடத்தின் மேக் முகவரியைக் கொண்டு சி.எம்.டி.எஸ். எழுதிவிடுகிறது. விண்ணப்பிப்பவரின் முகவரியும் வந்த வழியின் முகவரியும் ஒன்றாக இருந்தால், விண்ணப்பிப்பது மோடம். வேறாக இருந்தால், அந்த மோடத்துக்குப் பின்னால் வீட்டினுள் இருக்கும் கணிப்பொறி. கணிப்பொறி தன்னைப் பற்றி எந்தப் பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்; தான் எந்த மோடத்தின் வழியாக வந்தோம் என்பதை மட்டும் அதனால் மாற்றிச் சொல்ல இயலாது, ஏனெனில் அதை எழுதியது அதன் கை அன்று. தொலைபேசி இணைப்பகத்தின் முனை எந்தச் சாட்சியத்தைத் தந்துவந்ததோ அதே சாட்சியத்தை, கம்பி தர மறுத்த இடத்தில், இந்த ஒரு வரி தருகிறது. இணையக் குறியீடுகளுள் இத்தனை எளிமையோடு இத்தனை பலம் பொருந்தியது வெகு சிலவே என்று நினைக்கிறேன்.

சர்வர் பேரேட்டைப் புரட்டுகிறது. மோடத்தின் மேக் முகவரிக்கு நேரே ஒரு சந்தாதாரர் இருந்தால், மோடத்துக்கு ஒரு நிர்வாக முகவரியைக் கொடுத்து, கூடவே மூன்று சங்கதிகளையும் சொல்லி அனுப்புகிறது: மணி கேட்கும் இடம், கோப்பு வாங்கும் இடம், கோப்பின் பெயர். மோடத்துக்குள் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் அதற்கு இன்றைய தேதிகூட மறந்துவிடும். ஆகவே 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து கழிந்த விநாடிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு பழைய, எளிய முறைப்படி அது மணி கேட்டுக்கொள்கிறது. பிறகு, 1981இலேயே வகுக்கப்பட்ட டி.எஃப்.டி.பி. என்ற முறையில், குறிப்பிட்ட கோப்பை இறக்கிக்கொள்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்காத, 512 பைட்டுக்கு ஒரு துண்டாக அனுப்பி ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புதல் வாங்கிக்கொள்கிற அந்த முறைக்கு, மோடத்தின் சிறிய நினைவகத்தில் அடங்கக்கூடியது என்பதே யோக்கியதை.

கான்ஃபிக் ஃபைல் என்று தொழிலில் எல்லாரும் சொல்லும் அந்தக் கோப்பைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் சில நூறு பைட்டுகளே கொண்டது. எழுத்துகள் இல்லை, எண்கள் மாத்திரமே. 3, 1, 1 என்று மூன்று பைட்டுகள் வருகின்றன. முதல் 3, இது வலையில் நுழையும் அனுமதியைப் பற்றியது என்கிறது. நடு 1, மதிப்பு ஒரே பைட் நீளம் என்கிறது. கடைசி 1, அனுமதி உண்டு என்கிறது. அடுத்து 18, 1, 2 என்று வந்தால், மோடத்துக்குப் பின்னால் இரண்டு கணிப்பொறிகள் வரை இருக்கலாம் என்று பொருள். பிறகு 25 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு நீண்ட பகுதி, வீட்டை நோக்கி வரும் தகவல் ஓட்டத்தைப் பற்றியது. அதனுள்ளே 8, 4 என்று வந்து, அதைத் தொடர்ந்து 0, 152, 150, 128 என்ற நான்கு பைட்டுகள் இருக்குமானால், அவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது சரியாக ஒரு கோடி என்ற எண் கிடைக்கும். விநாடிக்கு ஒரு கோடி பிட். அதாவது 10 மெகாபிட். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்துகளில் மின்னிய வாக்குறுதி, ரசீதில் மாதந்தோறும் அச்சாகும் திட்டத்தின் பெயர், இவற்றுக்கெல்லாம் யந்திரம் அறிந்த அர்த்தம் இந்த நான்கு பைட்டுகள்தாம். வீட்டிலிருந்து வெளியே போகும் ஓட்டத்துக்கு 24 என்ற எண்ணில் தொடங்கும் இன்னொரு பகுதி உண்டு. கடைசியில் 6, 7 என்ற எண்களில் தலா 16 பைட் கொண்ட இரண்டு முத்திரைகளும், முடிவைக் குறிக்கும் 255உம் இருக்கும்.

முத்திரைகள் இரண்டு ஏன் என்றால், ஒன்று பழுதுக்கு, மற்றொன்று திருட்டுக்கு. ஆறாம் எண் முத்திரை, கோப்பு வழியில் சிதைந்துவிடவில்லை என்று மோடம் தானே சோதித்துக்கொள்வதற்கு. ஏழாம் எண் முத்திரையோ, கோப்பைத் தயாரிக்கும் சர்வருக்கும் சி.எம்.டி.எஸ்.ஸுக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லைக் கலந்து கணக்கிடப்படுவது. மோடத்தால் அதைச் சரிபார்க்கவும் முடியாது, புதிதாக உண்டாக்கவும் முடியாது. கோப்பில் படித்ததை மோடம் சி.எம்.டி.எஸ்.ஸிடம் ஒப்பிக்கும்போது அந்த முத்திரையையும் சேர்த்தே ஒப்பிக்க வேண்டும். ஒரு பைட் மாறியிருந்தாலும் பதிவு மறுக்கப்படும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பல இடங்களில் இந்த ரகசியச் சொல்லை அமைக்காமலே விட்டிருந்தார்கள். அதைக் கண்டுகொண்ட சிலர், தங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு டி.எஃப்.டி.பி. சர்வரின் முகவரியையே சூட்டி, வேகத்தை உயர்த்தி எழுதிய போலிக் கோப்பை மோடத்துக்கு ஊட்டினார்கள்; கேபிள் பக்கத்திலிருந்து மட்டுமே கோப்பை வாங்க வேண்டிய மோடம், அன்றைய குறைபாட்டால் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்ததையும் வாங்கிக்கொண்டது. ஒருவர் தம் பங்கை மீறி எடுத்தபோது, அதே தெருவில் ஒழுங்காகக் கட்டணம் செலுத்தியவர்களின் பங்கு குறைந்தது. பொதுக்கம்பியில் நடக்கும் திருட்டு ஸ்தாபனத்திடமிருந்து மட்டுமன்று, அண்டை வீட்டாரிடமிருந்தும் எடுப்பதே.

இதற்குப் பரிகாரமாக, நல்ல புரொவிஷனிங் மென்பொருள்கள் கோப்பைத் தட்டில் தயாராக அடுக்கிவைப்பதை விட்டு, மோடம் கேட்கும் அந்தக் கணத்திலேயே அந்த மோடத்துக்கென்று புனைந்து கொடுக்கத் தொடங்கின. அவ்விதம் புனையும்போது, கோப்புக்குள்ளேயே அது தயாரான நேரத்தையும், எந்த முகவரிக்காகத் தயாரானது என்பதையும் பதிக்க நியமத்தில் இடமிருக்கிறது. நேற்றைய கோப்பையோ பக்கத்து வீட்டுக் கோப்பையோ கொண்டுவந்தால் அது செல்லாது. மேக் முகவரியையே நகல் எடுத்து வேறொருவரின் பெயரில் நுழைந்தவர்களும் உண்டு. 1999இல் வந்த டாக்சிஸ் 1.1, மோடம் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே எண்முறைச் சான்றிதழ் ஒன்றை வைத்து அனுப்பும்படி செய்ததால், நகல் எடுப்பது கடினமாயிற்று. ஆயினும் சான்றிதழையும் அதன் ரகசியச் சாவியையும் சேர்த்தே பெயர்த்தெடுக்கும் சாமர்த்தியசாலிகள் தோன்றிய பிறகு, ஒரே மோடம் இரண்டு நகரங்களில் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கிறதா என்று கவனிக்கும் வேலை மறுபடியும் பேரேட்டிடமே வந்து சேர்ந்தது.

பேரேட்டில் பெயரில்லாத மோடம் வந்தால் என்ன செய்வது? விரட்டிவிடுவது ஒரு வழி. ஆரம்பத்தில் பலர் அதைத்தான் செய்தார்கள். கடையில் வாங்கிய புது மோடத்தைப் பொருத்திய சந்தாதாரர், விளக்குகள் எரிந்தும் ஒன்றும் நடவாதது கண்டு, தொலைபேசியில் அழைத்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. எட்டை பி என்று கேட்டுக்கொண்டால் அன்றைய பொழுது போயிற்று. இன்று அந்நியமான மோடத்துக்கும் ஒரு கோப்பு கொடுக்கப்படுகிறது. ஆனால் அதன் வழியாக வரும் கணிப்பொறிக்குத் தனியான முகவரியும், எந்தப் பெயரைக் கேட்டாலும் பதிவுப் பக்கத்துக்கே வழிகாட்டும் ஒரு பெயர் சர்வரும் கிடைக்கின்றன. சந்தாதாரர் அந்தப் பக்கத்தில் தம் கணக்கு எண்ணைக் கொடுத்தவுடன், 82ஆம் இடத்துக் குறிப்பிலிருந்து மோடத்தின் முகவரியை மென்பொருள் தானாகவே அறிந்து, இரண்டையும் பேரேட்டில் பிணைத்து, எஸ்.என்.எம்.பி. என்ற மேலாண்மை முறையின் வழியாக மோடத்தை ஒருமுறை அணைத்து எழுப்புகிறது. விழித்தெழும் மோடம் மறுபடி விண்ணப்பித்து, இம்முறை உரிய கோப்பைப் பெறுகிறது. திட்டத்தை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் இதே பாதைதான். பேரேட்டில் ஒரு வரி மாறி, மோடம் ஒரு தடவை உறங்கி எழுந்தால் வேகம் மாறிவிடும்.

நிறுத்துவதும் அப்படியே. முன்பு நாம் பார்த்த 3, 1, 1 என்பதில் கடைசி ஒன்றைப் பூஜ்யமாக்கிவிட்டால், மோடம் கம்பியில் உயிரோடிருக்கும், விளக்குகள் எரியும், வீட்டுக் கணிப்பொறிகளின் செய்தி ஒன்றுகூட அதைத் தாண்டாது. ஏணி வேண்டாம், இடுக்கி வேண்டாம். இவ்வளவு லேசாகத் துண்டிக்க முடிகிறது என்பதால்தான், இந்த மென்பொருளை எழுதுகிறவர்களிடம் ஒரு கண்டிப்பான ஒழுக்கம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். வசூல் கணக்கு ஒரு பேரேடு, இணைப்புக் கணக்கு இன்னொரு பேரேடு. இரண்டும் வெவ்வேறு சர்வர்களில், வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. ஒன்றில் நடந்த மாற்றம் மற்றொன்றை எட்டாமற்போனால், பணம் கட்டியவர் இருட்டில் இருப்பார். வீடு மாறிப் போனவரின் மோடம் வெளிச்சத்தில் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு முதியவர், கட்டணம் செலுத்திய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே இணைப்பில்லாமல் தவித்தார். விசாரித்ததில், பழைய மோடத்துக்குப் பதில் புதியது கொடுத்த ஊழியர் இலக்கத்தை ஒரு பேரேட்டில் மட்டும் மாற்றியிருந்தது தெரியவந்தது. ஆகவே இரவுதோறும் இரண்டையும் ஒப்பிட்டு, முரண்பட்ட வரிகளைப் பிரித்தெடுத்து, மனிதக் கண்ணுக்குக் கொண்டுவரும் ஒரு சிறு நிரலை, எல்லா அலங்காரங்களுக்கும் முன்னதாக எழுத வேண்டும்.

இந்த மென்பொருளுக்கு உண்மையான பரீட்சை, ஒரு நகரத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது ஏற்படுகிறது. சாதாரண நாட்களில் சர்வருக்கு அதிக வேலையில்லை. முகவரிக்குத் தவணைக்காலம் உண்டு, அதில் பாதி கழிந்ததும் மோடம் சந்தடியின்றிப் புதுப்பித்துக்கொள்ளும். சர்வர் சிறிது நேரம் படுத்துக் கிடந்தாலும் ஏற்கனவே இணைந்தவருக்கு ஒன்றும் தெரியாது. மின்சாரம் திரும்பிய கணத்தில் பல்லாயிரம் மோடங்கள் ஒருசேர விழித்தெழுகின்றன. அவை ஒன்றன்மேலொன்று பேசிக் குழம்பாதிருக்க, மோதல் நேர்ந்த ஒவ்வொரு தடவையும் இருமடங்கு நீளமான காலத்துக்குள் குருட்டாம்போக்கில் ஒரு கணத்தைத் தேர்ந்து காத்திருக்க வேண்டுமென்ற விதி இருக்கிறது. அதைக் கடந்து வருபவை சர்வரின் வாசலில் குவிகின்றன. ஒவ்வொரு மோடத்துக்கும் போகவரவாக நான்கு செய்திகள்; ஒவ்வொரு அனுமதியையும் சொல்வதற்கு முன் அதை வட்டில் அழியாதபடி எழுதிவைக்க வேண்டும் என்பதால், சர்வரின் வேகம் பல சமயம் வட்டின் வேகமே. பதில் தாமதமானால் மோடம் மறுபடி கேட்கிறது. பழைய கேள்வி வரிசையிலேயே நிற்கப் புதுக்கேள்வி அதன் பின்னால் சேருகிறது. கேட்டவர் போய்விட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிக்கொண்டே சர்வர் களைத்துவிழுகிறது. இதைத் தெரிந்து செய்யப்பட்ட சர்வர்கள், சுமை மிகும்போது புதிதாக வாசலுக்கு வருபவற்றைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பாதி வழி வந்துவிட்டவற்றை முதலில் முடித்து அனுப்புகின்றன. எல்லாருக்கும் ஒரேசமயத்தில் விடைசொல்ல முயன்று ஒருவருக்கும் சொல்லாமற்போவதைவிட, சிலரைக் காக்கவைத்து ஒவ்வொருவராகக் கரையேற்றுவது சிறந்தது என்பதை, அவற்றைச் செய்தவர்கள் பல இரவுகள் விழித்திருந்து கற்றுக்கொண்டார்கள்.

மின்தடையைக் காட்டிலும் பெரிய பரீட்சை ஒன்று 2001ஆம் ஆண்டில் வந்தது. 1995இல் தொடங்கிய அட்ஹோம் என்ற ஸ்தாபனம், பல கேபிள் கம்பெனிகளுக்காக இணையச் சேவையை நடத்திவந்தது. தெருக்கம்பிகள் கேபிள் கம்பெனிகளுடையவை, சர்வர்களும் முகவரிகளும் நெடுந்தூரத் தடங்களும் அட்ஹோமினுடையவை. 2001 செப்டம்பரில் அது திவாலாயிற்று. நவம்பர் 30ஆம் தேதி, கேபிள் கம்பெனிகளுடனான ஒப்பந்தங்களைக் கைவிட நீதிமன்றம் அதற்கு அனுமதி தந்ததும், டிசம்பர் முதல் தேதி அவற்றுள் ஒன்றான ஏ.டி. அண்ட் டி. பிராட்பேண்டின் சந்தாதாரர்கள் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேரின் இணைப்பு நின்றுபோயிற்று. ஏ.டி. அண்ட் டி. தான் அவசரமாக எழுப்பிய வேறொரு வலைக்கு அவர்களையெல்லாம் சுமார் ஒரு வாரத்தில் மாற்றிக்கொண்டது. தெருக்கம்பிகள் இருந்தபடியே இருந்தன. அந்த வாரத்தில் இடம்பெயர்ந்தவை முகவரிகளும், மின்னஞ்சல் பெயர்களும், யார் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் பேரேடுமே.

பேரேடு வளர்ந்ததால் வந்த நெருக்கடி வேறு விதமானது. மோடங்களுக்குக் கொடுக்கப்படும் நிர்வாக முகவரிகள் வெளியுலகுக்குத் தெரியாத தனி முகவரிகள். 1994இல் அவ்விதம் ஒதுக்கப்பட்டவற்றுள் பெரிய தொகுதி, 10 என்ற எண்ணில் தொடங்குவது, 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 முகவரிகள் கொண்டது. எந்த ஸ்தாபனத்துக்கும் அது போதும் என்றுதான் அன்று எண்ணினார்கள். ஆனால் காம்காஸ்ட்டின் வீடுகளில் மோடத்துக்கு ஒன்று, அதனோடு சேர்ந்த தொலைபேசிப் பெட்டிக்கு ஒன்று, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குத் தனித்தனியே என்று முகவரிகள் செலவாகி, அந்தத் தொகுதி தீர்ந்துபோயிற்று. 2005ஆம் ஆண்டு வாக்கிலேயே, தன் நிர்வாக வலையை 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு ஐ.பி. முகவரிகளுக்கு மாற்றுவதென்று அது முடிவு செய்தது. 2006இல் வந்த டாக்சிஸ் 3.0 அதற்கு இடமளித்தது. புதிய முகவரி முறையை அமெரிக்காவில் முதன்முதலாகப் பெரிய அளவில் கையாண்டவர்களுள் கேபிள்காரர்கள் இருந்ததற்கு மூலகாரணம், பேரேட்டில் இடமில்லாமற்போனதே.

பேரேட்டின் இன்னொரு பயன், அதை ஏற்படுத்தியவர்கள் உத்தேசித்திராதது. வழியில் எங்காவது கேபிளின் இணைப்பு துருப்பிடித்தாலோ, உறை கிழிந்து நீர் புகுந்தாலோ, சமிக்ஞை அவ்விடத்தில் சிறிது எதிரொலித்துத் திரும்பும். அந்த எதிரொலியை ஈடுசெய்யும்படி மோடம் தன் பேச்சை முன்கூட்டியே வளைத்து அனுப்புகிறது. வளைவின் அளவுகளை எஸ்.என்.எம்.பி. மூலம் எடுத்து ஆராய்ந்தால், எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறதென்று தெரியும். தாய்க்கம்பியில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 87 சதவீத வேகத்தில் ஓடுகிறது. அரை மைக்ரோ விநாடித் தாமதமென்றால், எதிரொலியை உண்டாக்கும் இரண்டு பழுதுகளுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 65 மீட்டர். ஒரே ஒரு மோடத்தில் இந்தக் குறி தெரிந்தால் பழுது அந்த வீட்டினுள் இருக்கலாம். பேரேட்டின் உதவியால் மோடங்களை விலாசங்களோடு பொருத்தி வரைபடத்தில் இடும்போது, ஒரு கிளையிலுள்ள பன்னிரண்டு வீடுகளிலும் ஒரே தாமதம் காணப்பட்டு, அதற்கு முந்திய கிளையில் காணப்படாவிட்டால், அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள கம்பங்களுக்கிடையே 65 மீட்டர் இடைவெளியில் எந்த இரண்டு இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். கேபிள்லாப்ஸ் 2010இல் இதற்கான வழிமுறைகளைத் தொகுத்து வெளியிட்டது. எதிரொலியை மோடம் ஈடுசெய்துகொண்டிருக்கும் வரையில் சந்தாதாரருக்குக் குறை ஏதும் தெரியாது. ஆதலால், புகார் சொல்ல அந்தப் பன்னிரண்டு வீட்டாரில் ஒருவருக்கும் இன்னும் காரணம் ஏற்படாத நிலையிலேயே, பழுதுபார்ப்பவர் கம்பத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட்டுவிட முடிகிறது.